எங்கள் இருவர் வயதையும் கூட்டினால்

எங்கள் சபையில் ஒரே ஒரு விஷயத்துக்காக என்னைத் தேடி வருவார்கள். பாட்டுப் பாடுவதற்காக அல்ல. என் குரல் அப்படி. ஜெபிப்பதற்காகவும் அல்ல, நான் மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுவேன், அது பலருக்குத் திருப்தியாக இருக்காது. வேதாகமத்தில் யாருக்கு எப்போது என்ன வயது என்று கேட்கத்தான் வருவார்கள். ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் யாராவது தோளைத் தட்டி, "தம்பி, யோசேப்ப வித்தாகளே, அப்ப அவுக அப்பாவுக்கு எம்புட்டு வயசு இருக்கும்?" என்பார். நூற்றெட்டு என்பேன். எப்படி என்று கேட்டுவிட்டால் போதும். யோசேப்பு பார்வோன் முன்னால் நின்றபோது முப்பது, அதோடு விளைச்சல் வருஷம் ஏழு, பஞ்சத்தில் இரண்டு என்று ஆரம்பித்துவிடுவேன். கேட்டவர் வீட்டில் கறிக்குழம்பு ஆறிப்போகும்.

இந்தப் பைத்தியம் ஒரு நீண்ட பிரசங்கத்தின் நடுவில் பிடித்தது. மின்விசிறிக் காற்று எட்டாத இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். தூங்கிவிடக் கூடாதே என்று ஆதியாகமத்தில் எல்லாரும் தாண்டிப் போகிற வம்ச அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். மெத்தூசலாவுக்கு நூற்றெண்பத்தேழு வயதில் லாமேக்கு பிறக்கிறான். லாமேக்குக்கு நூற்றெண்பத்திரண்டில் நோவா. நோவாவுக்கு அறுநூறு வயதாகும்போது ஜலப்பிரளயம். காணிக்கைக் கவரின் பின்பக்கத்தில் மூன்றையும் கூட்டினேன். தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது வந்தது. மெத்தூசலா மொத்தமாக வாழ்ந்ததும் அதே தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதுதான். அப்படியானால் அத்தனை வருஷம் வாழ்ந்த மனிதர் இறந்தது வெள்ளம் வந்த அதே வருஷம்! வேதாகமம் இதை எங்கும் சொல்லவில்லை. எண்களைத் தனித்தனியாகப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறது. எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும்போல இருந்தது.

வீடு திரும்பும்போது பைக்கில் பின்னால் இருந்த மனைவியிடம் சொன்னேன்.

"வெள்ளத்துல போனாரா, இல்ல அதுக்கு முந்தியே படுத்துக் கெடந்து போனாரா?" என்று கேட்டாள்.

"அது தெரியாது."

"பெறகென்ன கணக்குப் போட்டீக?" என்றாள். அவள் நர்ஸ். ஒருவர் இறந்துவிட்டார் என்றால் எதனால் என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

எனக்குச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற வேலை. காலையில் விருதுநகரில் பஸ் ஏறி, ஆமத்தூர், திருத்தங்கல் தாண்டிப் போய் இறங்குவேன். பட்டாசுப் பெட்டி லேபிள், தினசரி காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று எதுவானாலும் மிஷினுக்குப் போகும் முன் என் மேஜைக்கு வரும். ஒரு தேதி தப்பினால் ஒரு லோடு காலண்டர் குப்பைக்குப் போகும். அதனால் எந்த எண்ணைக் கண்டாலும் சந்தேகப்படுவது என் பிழைப்பு. அந்தக் குணத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும் கழற்றி வைக்க எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷமாகியும் குழந்தை இல்லை. மதுரைக்கு அலைந்து பார்க்க வேண்டிய வைத்தியமெல்லாம் பார்த்தாயிற்று. இனிமேல் என் உடம்பு தாங்காது என்று அவள் சொன்ன நாளோடு அதையும் நிறுத்தினோம். சபை மட்டும் நிறுத்தவில்லை. பிள்ளையில்லாதவர்களுக்கு எங்கள் ஆட்கள் சொல்லும் ஆறுதல் ஒன்றே ஒன்றுதான்: ஆபிரகாமின் மனைவி சாராள். கோயில் விருந்தான அசனப் பந்தியில் சோறு வைத்துக்கொண்டே சொல்வார்கள். துக்க வீட்டில், பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால்கூட ஒரு அம்மா என் மனைவியின் கையைப் பிடித்துச் சொன்னார். "சாராளுக்குத் தொண்ணூறு வயசுல குடுத்தாரேம்மா, ஒனக்குக் குடுக்க மாட்டாரா?"

அன்றைக்குத் திரும்பி வரும்போது அவள் சொன்னாள். "சாராளுக்குத் தொண்ணூறு. எனக்கு நாப்பத்தொண்ணு. அப்ப இன்னும் நாப்பத்தொம்பது வருசம் பொறுத்துக்கன்னு சொல்றாக. இதுக்குப் பேரு ஆறுதலா? நீங்களே கணக்குப் பாத்துச் சொல்லுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாயை மூடின பிறகும் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

அதன்பிறகு எனக்குச் சாராள் பெயரைக் கேட்டாலே எரிச்சல் வந்தது. வேறு யாராவது இருக்கிறார்களா என்று தேடிப்போன வேகத்தில்தான் சாராளின் மகன் ஈசாக்கில் வந்து நின்றேன். ஈசாக்கின் மனைவி ரெபெக்காளுக்கும் பிள்ளையில்லை. அவன் அவளுக்காக வேண்டிக்கொண்டான், தேவன் கேட்டார், அவள் கர்ப்பமானாள். இவ்வளவும் ஒரே வசனத்தில் முடிந்துவிடும். சிறு வயதிலிருந்து அதைப் படிக்கும்போதெல்லாம், காலையில் ஜெபித்தான், சாயங்காலம் கிடைத்தது என்பதுபோலத்தான் என் மனதில் இருந்தது. ஆனால் அந்த வசனத்துக்கு முன்னால் ஓர் எண் இருக்கிறது. ரெபெக்காளைக் கட்டும்போது ஈசாக்குக்கு நாற்பது வயது. கொஞ்சம் பின்னால் இன்னோர் எண் இருக்கிறது. இரட்டைப் பிள்ளைகள் பிறக்கும்போது அவனுக்கு அறுபது. கழித்துப் பார்த்தேன். அந்த ஒரே வசனத்துக்குள் இருபது வருஷம் கிடந்தது.

அவள் அடுக்களையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன். கீரையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்த இருவது வருசமும் ரெபெக்கா என்ன செஞ்சாளாம்?"

"எழுதல."

"எழுத மாட்டாக" என்றாள். இன்னொரு கொத்தை எடுத்து உருவிக்கொண்டே, "அவளுக்கு வேற வழி இல்ல, இருந்தா. நமக்கு இருக்கு. நாம எதுக்கு இருவது வருசத்த முடிக்கணும்? ஒரு பிள்ளைய எடுத்து வளப்போம்" என்றாள். அவள் ஏற்கனவே விசாரித்து வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் எதிர்வாதம் செய்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ, நான் உடனே சரி என்றதும் கீரையை மறந்துவிட்டு எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

கலெக்டர் ஆபீஸ் இருக்கும் சூலக்கரைக்கு ஒரு நவம்பர் மாதம் லீவு போட்டுவிட்டுப் போனோம். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி எங்களை உட்கார வைத்துப் பொறுமையாக எல்லாம் சொன்னார். எங்கே பதிய வேண்டும், யார் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், எவ்வளவு காலம் ஆகலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "உங்க ரெண்டு பேர் வயசையும் கூட்டிப் பாக்கணும் சார்" என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அரசாங்கத்திலும் என்னைப்போல ஒருவன் உட்கார்ந்து வயதுகளைக் கூட்டிக்கொண்டிருக்கிறான்! அவர் தொடர்ந்தார். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தை வேண்டுமென்றால் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் எண்பத்தைந்துக்கு மேல் போகக் கூடாது. எனக்கு நாற்பத்துநாலு. அவளுக்கு நாற்பத்தொன்று. சரியாக எண்பத்தைந்து. நான் ஜெயித்த மாதிரி மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம் சர்டிஃபிகேட்டில நாப்பத்திரண்டுன்னு இருக்கே" என்றார் அதிகாரி.

அது என் மாமனாரின் வேலை. அவர் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்தவர். நாலு வயது மகள் நானும் பள்ளிக்கூடம் வருவேன் என்று தினமும் அழுதிருக்கிறாள். ஐந்து முடியாமல் சேர்க்க முடியாது. மனிதர் பேனாவை எடுத்து மகளுக்கு ஒரு வயதைக் கூட்டி எழுதிவிட்டார். எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு இப்படித்தான். வீட்டு வயது ஒன்று, சர்டிஃபிகேட் வயது ஒன்று. எங்கள் வீட்டில் அது பழைய வேடிக்கைக் கதை. ஒரு வருஷம் முன்னதாகவே ரிட்டயர்டு ஆகப்போகிறாய் என்று அவளை நானே கேலி செய்திருக்கிறேன்.

"மேடம், அவ நெசமான வயசு நாப்பத்தொண்ணு. கைக்கொழந்தையா கோயில்ல ஞானஸ்நானம் எடுத்ததுக்கு எழுத்து இருக்கு" என்றேன்.

"சர்டிஃபிகேட்ல இருக்கறதுதான் சார் எங்களுக்கு வயசு" என்றார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "பெரிய பிள்ளைங்கன்னா இந்தப் பிரச்சினையே இல்ல சார். நாலு வயசுக்கு மேலன்னா கூட்டுத்தொகை நூறு வரைக்கும் இருக்கலாம். ஆனா அவங்களைக் கேட்டு வர்றவங்கதான் குறைச்சல்."

கடைசியாகச் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு அந்த ஒரு வருஷம்தான் கண்ணில் நின்றது. மெத்தூசலா கணக்கையே நேர்செய்தவனுக்கு இந்த ஒரு வருஷத்தை நேர்செய்ய முடியாதா என்ற திமிர். அன்றிலிருந்து அலைய ஆரம்பித்தேன். கோயிலில் ஞானஸ்நானச் சான்று வாங்கினேன். அவள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஒரு வக்கீலைப் பார்த்தேன். எல்லாரும் என்னை இன்னொருவரிடம் அனுப்பினார்கள். அனுப்பின இடத்துக்கெல்லாம் போனேன்.

சபையிலும் எனக்கு ஆதரவு இருந்தது. "கைக்கொழந்தையா எடுத்தாத்தான் நம்ம பிள்ளையா ஒட்டும். வெவரம் தெரிஞ்ச பிள்ளைன்னா பழச மறக்காது" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். சாராளைச் சொன்ன அதே வாய்கள்தான். இந்த முறை நான் தலையாட்டினேன். எனக்கும் அதே பயம் இருந்தது. ஒரு பிள்ளை என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு வேறு யாரையோ நினைத்துக்கொண்டிருந்தால் அதை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன்.

மனைவி இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. டூட்டிக்குப் போனாள், வந்தாள். இன்று எங்கே போனீர்கள் என்று மட்டும் கேட்பாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பாயசம் வைத்திருந்தாள். எனக்குப் பிறந்தநாள். ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தேன். எனக்கு நாற்பத்தைந்து ஆகிவிட்டது. இப்போது அவளுடைய உண்மையான வயதைக் கூட்டினாலும் எண்பத்தாறு. நான் எந்த ஒரு வருஷத்துக்காக மூன்று மாதமாக அலைந்தேனோ, அது கிடைத்தாலும் இனிப் பிரயோசனமில்லை. ஆபிரகாமுக்கும் நோவாவுக்கும் உட்கார்ந்து வயது பார்த்த எனக்கு, என் வயதும் ஓடும் என்பது தோன்றவேயில்லை. அவளிடம் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. "குடிங்க, ஆறிரும்" என்றாள். எனக்கு அழுகை வந்தது. நான் அவள் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை.

அடுத்த மாதம் அச்சகத்துக்கு ஒரு ஆர்டர் வந்தது. கோடை விடுமுறையில் கோயில்களில் பிள்ளைகளுக்கு நடத்தும் வேதாகமப் பள்ளிக்காக, பெரிய பெரிய படங்கள். ஒரு படத்துக்கு ஒரு கதை. அதில் ஒன்று ஆகாருடையது. ஆபிரகாமின் வீட்டில் வேலைக்காரியாக இருந்து அவருக்கு ஒரு பிள்ளை பெற்றவள் ஆகார். அந்தப் பிள்ளை இஸ்மவேல். சாராளுக்கு ஈசாக்கு பிறந்த பிறகு இரண்டு பேரையும் ஒரு தோல் துருத்தித் தண்ணீரோடு வீட்டைவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். படத்தில் வனாந்தரம், ஒரு செடி, அதனடியில் துணியில் சுற்றின கைக்குழந்தை, தள்ளி உட்கார்ந்து அழுகிற தாய். நன்றாகத்தான் வரைந்திருந்தார்கள். எனக்குத்தான் பார்த்தவுடன் கை அரிக்க ஆரம்பித்தது.

இஸ்மவேல் பிறக்கும்போது ஆபிரகாமுக்கு எண்பத்தாறு. ஈசாக்கு பிறக்கும்போது நூறு. அண்ணனுக்கும் தம்பிக்கும் பதினாலு வயது வித்தியாசம். ஈசாக்குக்குப் பால் மறக்கடித்த விருந்துக்குப் பிறகுதான் இவர்களை வெளியே அனுப்புகிறார்கள். அதற்கு இரண்டு மூன்று வருஷமாவது போட வேண்டும். அப்படியானால் செடியின் கீழே கிடப்பவனுக்குப் பதினாறு வயதுக்குக் குறையாது. கைக்குழந்தையாவது! மீசை அரும்பின பையன்.

முதலாளி அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஊர் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா. ஆனால் தொழில் என்று வந்தால் எந்தச் சாமி விஷயத்திலும் தப்பு வரக் கூடாது அவருக்கு. "ஆர்டர் குடுத்தவுகட்ட ஒரு வார்த்த கேட்ரு" என்றார். கேட்டேன். போனில் பேசிய போதகர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "கணக்கு சரிதான் தம்பி. ஆனா மீச வச்ச பையன் கெடந்தா எந்தப் பிள்ள பாத்து எரக்கப்படும்? கொழந்தையே இருக்கட்டும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் புரூஃப் தாளைச் சுருட்டி வீட்டுக்கே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மேஜைமேல் விரித்து, சம்பளம் வாங்குகிறவன் சொன்னால் யார் கேட்கிறார்கள் என்று கத்தினேன். மனைவி டூட்டி முடிந்து வந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் இருந்தாள். படத்தைப் பார்த்தாள். பிறகு வேதாகமத்தை எடுத்து அந்த அதிகாரத்தை நின்றபடியே வாசித்தாள்.

"பதினாறு வயசுங்கறது நல்லாத் தெரியுமா?"

"பதினேழுகூட இருக்கலாம்."

"அப்ப அவன் நடந்து போகலாம். ஆத்தாவ அவந்தான் கூட்டிட்டுப் போகணும்" என்றாள். "இங்கன தண்ணி தீந்ததும் அவதான் அவனக் கொண்டுபோயி செடிக்கடில போடறா. அவன் சாகறதப் பாக்க மாட்டேன்னு தள்ளிப் போயி உக்காந்துக்கறா."

"அதத்தான் சொல்றேன், படம் தப்பு."

"படம் தப்பில்லங்க" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க வார்டுக்கு வாங்க. போன மாசம் பட்டாசுக் கம்பெனில வெடிமருந்து தீப்பத்தி வெந்த ஒரு ஆளக் கொண்டு வந்தாக. முப்பது வயசு, ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். ராவெல்லாம் அம்மா அம்மான்னுதான் கத்துனாரு. பெஞ்சாதி பேரச் சொல்லல. தண்ணிய நான் ஸ்பூன்ல ஊத்துனேன், சின்னப்பிள்ள மாரி வாயத் தெறந்துட்டுக் கெடந்தாரு. பொழச்சுக்கிட்டாரு, நாளைக்கு வீட்டுக்குப் போறாரு." சொல்லிவிட்டுப் படத்திலிருந்த செடியை விரலால் தடவினாள். "அந்தாபீசுல அந்தம்மா சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா? பெரிய பிள்ளைகளக் கேட்டு யாரும் வரமாட்டேங்கறாகன்னு. எனக்கு அன்னைலேருந்து ஒறக்கமில்ல."

நான் என் பயத்தை அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன். "பெரிய பிள்ளைன்னா எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கும்."

"வச்சிருக்கட்டும்" என்றாள். "நமக்கும் பதினாலு வருசம் ஞாபகம் இருக்கு. நாம மறந்துட்டா அதக் கூப்பிடப்போறோம்?"

கணக்கைப் போட்டவன் நான். ஆனால் அதை வைத்துக்கொண்டு படத்தைத்தான் திருத்தப் பார்த்தேன். அவள் எங்களைத் திருத்தினாள். அந்த வாரமே நாலு வயதுக்கு மேல் என்று பதிந்தோம். படம் கைக்குழந்தையோடுதான் அச்சாயிற்று. நானே கையெழுத்துப் போட்டு மிஷினுக்கு அனுப்பினேன்.

பிறகு காத்திருந்தோம். ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து அறைகளைப் பார்த்தார். நாங்கள் இருவரும் சண்டை போடுவோமா என்று கேட்டார். போடுவோம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம், அவர் சிரித்துவிட்டார். ஒரு தீபாவளி சீசன் போயிற்று. காலண்டர் சீசனும் போயிற்று. எனக்கு நாற்பத்தாறு ஆனது. அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் போன் வந்தது. வேறு மாவட்டத்தில் ஓர் இல்லத்தில் ஒரு பெண் குழந்தை, ஐந்து வயது.

பார்க்கப் போனபோது, கூட்டிக்கொண்டு வந்த இல்லத்து அம்மாவின் சேலைக்குப் பின்னால் பிள்ளை பாதி முகம் தெரிய நின்றது. என் மனைவி பேசினாள், சாக்லேட் நீட்டினாள், ஒன்றும் நடக்கவில்லை. நான் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன். அந்தப் பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எத்தன வயசு?" என்று கேட்டது.

"நாப்பத்தாறு."

"எனக்கு அஞ்சு" என்றது. அவ்வளவுதான், எனக்கு மனசு இளகிப்போயிற்று. இந்த உலகத்தில் முதல் கேள்வியாக வயதைக் கேட்கிற ஒரு பிள்ளை எனக்கென்று எங்கோ இருந்திருக்கிறது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். பால்காரருக்கு எத்தனை வயசு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை வயசு, சபைப் போதகரான ஐயருக்கு எத்தனை வயசு. பஸ்ஸில் கண்டக்டரைக் கேட்டு எங்களைத் தலைகுனிய வைத்தாள். யார் கேட்டாலும் தனக்கு ஐந்து என்பாள். சபை முழுக்க, "அப்படியே அப்பாதான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அச்சகத்தில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னேன். இதற்குள் கலெக்டர் உத்தரவும் வந்து, அவள் சட்டப்படி எங்கள் மகளாகிவிட்டாள். எங்களை மட்டும் இன்னும் அப்பா, அம்மா என்று கூப்பிடவில்லை. "இங்க பாருங்க" என்பாள், அதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பெயர்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வாரத்தில் பிறந்தநாள் வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பீடத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும். ஐயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். சின்னப் பிள்ளை என்றால் மைக்கை நீட்டி, எத்தனை வயசு என்று கேட்பார். பிள்ளை சொன்னதும் எல்லாரும் கைதட்டுவார்கள். அவளுக்கு ஆறு முடிகிற வாரம் வந்தது. எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வாழ்க்கையிலேயே பெரிய ஞாயிற்றுக்கிழமை. கேக்குக்குச் சொல்லி, ரோஸ் கலரில் கவுன் எடுத்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம் கவுனைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அதை மடித்துத் திரும்பவும் கவருக்குள் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"இது வேணாம். எனக்கு அஞ்சுதான்."

"நாளைக்கு ஆறும்மா."

"அஞ்சுதான்!" என்று கத்தினாள். வந்த நாளிலிருந்து அவள் கத்தி நாங்கள் கேட்டதில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். மனைவி டூட்டியில் இருந்தாள். நானும் தரையில் போய் உட்கார்ந்தேன். இடுக்கில் எனக்கு இடம் போதவில்லை, பாதி உடம்பு வெளியே இருந்தது.

வெகுநேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள். "ஆறு ஆனா எங்க மாத்துவீங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அந்த இல்லத்தில் சின்னப் பிள்ளைகள் மட்டும்தான். ஆறு ஆனவர்களை வேறு ஊரில் பெரிய பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அவளோடு ஒன்றாகச் சாப்பிட்ட அக்கா அப்படித்தான் போனாள். கேக் வெட்டினார்கள், பிறகு ஜீப் வந்தது. அவள் எல்லாரிடமும் வயது கேட்டது எதற்கு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எந்த வயதில் யாரை எங்கே அனுப்புகிறார்கள் என்று அந்தப் பிள்ளை இத்தனை மாதமும் விசாரித்துக்கொண்டு இருந்திருக்கிறது. நான் அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"எங்கயும் மாத்த மாட்டோம். இங்கனதான் இருப்ப."

"ஏழு ஆனா?"

"இங்கனதான்."

"எட்டு ஆனா?"

"இங்கனதான்."

"இருவது ஆனா?"

"அப்ப நீ வெளியூருக்குப் படிக்கப் போவ. லீவுக்கு இங்கனதான் வருவ."

"நூறு ஆனா?"

"எனக்கு நூத்திநாப்பது ஆயிருக்கும். அப்பவும் கதவத் தெறந்து விடுவேன்."

"அம்புட்டு வயசு வரைக்கும் யாராச்சும் இருப்பாங்களா?" என்று சந்தேகமாகக் கேட்டாள். எங்கள் ஊர்ப் பேச்சு அதற்குள் ஒட்டியிருந்தது.

"ஆபிரகாம்னு ஒருத்தர் நூத்தியெழுவத்தஞ்சு வரைக்கும் இருந்தாரு."

விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு கவரை வாங்கி, கவுனை வெளியே எடுத்தாள்.

மறுநாள் கோயிலில் அவள் பீடத்தின் முன்னால் போய் நின்றாள். நானும் மனைவியும் இரண்டு பக்கமும் நின்றோம். இரவே மனைவியிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். அவள் பிள்ளையின் தோளிலிருந்து கையை எடுக்கவேயில்லை. ஐயர் குனிந்து மைக்கை நீட்டி, எத்தனை வயசு என்று கேட்டார். பிள்ளை என்னை ஒரு தடவை பார்த்தது. மனைவியைப் பார்த்தது. பிறகு மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கோயில் முழுக்கக் கேட்கும்படி, "ஆறு" என்றது. எல்லாரும் கைதட்ட ஆரம்பித்தார்கள். அவள் மைக்கை விடவில்லை. சத்தம் அடங்கும் வரைக்கும் பொறுத்திருந்து சொன்னாள்.

"ஏழும் இங்கனதான்."